மூன்று விரல் அகலச் சீட்டு

சேசு மரி சூசை துணை

ஏலாக்குறிச்சி
14 ஆகஸ்டு 1946

மதிப்பிற்குரிய சவரிராஜ் அவர்களுக்கு,

பெண்கள் பள்ளிக்கூட ஆசிரியை இன்னாசிமேரி எழுதிக்கொண்டது. போன வாரம் பெரம்பலூரில் உங்கள் வக்கீல் ஐயாவைத் தேடி வந்து, அவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார் என்றதும் குமாஸ்தாவாகிய உங்கள் மேஜைக்கு முன்னால் நின்று அழுதுவிட்டுப் போனவள் நான். மழையில் பஸ் ஏறப் போனவளைக் கூப்பிட்டு உங்கள் குடையைக் கொடுத்தீர்கள். குடை பத்திரமாக இருக்கிறது. நீங்கள் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பீர்கள் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அழுகையில் பாதி விஷயம் விட்டுப்போயிற்று. என் வீட்டுக்காரர் மரியசூசை 1940இல் மலேயாவுக்கு ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜப்பான்காரன் அங்கே நுழைந்ததிலிருந்து கடிதம் நின்றுவிட்டது. இந்த ஜூனில் திருமானூர் முருகையன் என்பவர் கப்பலேறித் திரும்பி வந்தார். இருவரையும் ஒன்றாகத்தான் சயாம் காட்டுக்கு ரயில் ரோடு போடப் பிடித்துப் போனார்களாம். முருகையன் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு ஜப்பான் சிப்பாய் வந்து, இவருடைய செபமாலையையும் ஒரு சீட்டையும் கையில் திணித்து, ஏதோ சொல்லிவிட்டுப் போனானாம். என்னதான் சொன்னான் என்று கேட்டால், "அவன் பாஷையில சொன்னான், எனக்கு என்னம்மா வெளங்கும்? செத்துட்டாருன்னு சொல்லவும் வாய் வரல, இருக்காருன்னு சொல்லவும் வாய் வரல" என்கிறார்.

சீட்டு மூன்று விரல் அகலம். அச்சுக்கோடு போட்டது. நடுவில் மசியால் எழுதி, சிவப்பு முத்திரை குத்தியிருக்கிறது. எங்கள் சாமியாருக்கு லத்தீன் தெரியும், பிரெஞ்சு தெரியும், இது தெரியாது. பார்த்துப் பார்த்து நான் எழுதிய நகல் இத்துடன் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வக்கீல் ஆபீசில் இருக்கிறவருக்கு நாலு பேரைத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ம. இன்னாசிமேரி


பெரம்பலூர்
9 செப்டம்பர் 1946

இன்னாசிமேரி டீச்சர் அவர்களுக்குத் தோத்திரம்.

அன்று நனைந்ததில் எனக்கு ஜலதோஷம்தான் வந்தது, வேறொன்றும் இல்லை. குடை அங்கேயே இருக்கட்டும்.

அரியலூரில் தர்மராஜ் என்றொரு பட்டாளத்துக்காரர், ஜப்பான்காரர்களிடம் கைதியாக இருந்து மீண்டவர். அவர்கள் பாஷை தமக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நகலைக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்தார். நான் சரியாகத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடியும் தலைகீழாக்கினார். கடைசியில், "இது அதிகாரி எழுத்து சார், நமக்குத் தெரிஞ்சது பேச்சு" என்றார். பேச்சில் என்ன தெரியும் என்றேன். நில், குனி, தூக்கு, நட. அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்கள் தம்மிடம் எதுவும் பேசியதில்லை என்று சொல்லிவிட்டுக் காப்பியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

பிறகு வக்கீல் ஐயா காரியமாகத் திருச்சிக்குப் போனபோது அங்கே பல் கட்டுகிற சீனாக்காரர் ஒருவரைப் பிடித்தேன். ஜப்பான் எழுத்தில் பாதி இவர்களிடம் வாங்கியதுதானாம். உங்கள் நகலைப் பார்த்ததும், "கோழி நடந்திருக்குது. அசலைக் கொண்டா" என்றார். டீச்சர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர் சொன்னதைச் சொன்னேன்.

அசலைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அனுப்ப மனமில்லை என்றால் எங்கே வரச் சொன்னாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
வ. சவரிராஜ்


ஏலாக்குறிச்சி
16 செப்டம்பர் 1946

சவரிராஜ் அவர்களுக்கு,

நாற்பது பிள்ளைகளின் கோழிக் கிறுக்கலைத் திருத்துகிறவளுக்கு இது வேண்டியதுதான். கோபமில்லை. இந்த ஆறு வருஷத்தில் நான் சிரித்த சிரிப்புகளில் ஒன்றை அந்தச் சீனாக்காரர் கணக்கில் எழுதிவிடுங்கள்.

சீட்டைத் தபாலில் போட மனமில்லை. சனிக்கிழமை அரியலூர் ரயிலடிக்கு எடுத்து வருகிறேன். என் நாத்தனார் மதலேன்மேரியும் கூட வருவார். என் வீட்டுக்காரருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். "பேப்பரைக் குடுத்துட்டு அவன் எங்கயாச்சும் தொலைச்சிட்டா என்னாடி பண்ணுவ?" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். நேரில் பார்த்தால் உங்களையும் மிரட்டுவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு பயம் உண்டு, அண்ணியிடம் சொல்ல முடியாது. பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதை என்று மிதிக்கவும் முடியாமல் அந்தச் சீட்டை வேதாகமப் பெட்டியில் வைத்திருந்தேன். படிக்க ஆள் இல்லாதவரையில் இரண்டுமே இல்லை. படித்துவிட்டால் ஏதோ ஒன்று ஆகிவிடும்.

இப்படிக்கு,
இன்னாசிமேரி


பெரம்பலூர்
3 பிப்ரவரி 1947

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

சீனாக்காரர் இரண்டு முறை ஊருக்குப் போய்விட்டதால் இவ்வளவு தாமதம். இந்த முறை பல் வலிக்காரர் ஒருவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்து பார்த்தார். நீங்கள் ரயிலடியில் கொடுத்த அசல் சீட்டில் அவருக்குப் புரிந்தது மூன்றே எழுத்து. ஆள், மாதம், தண்ணீர். மற்றதெல்லாம் ஜப்பான்காரன் சொந்த எழுத்தாம். "சாவுன்னு எழுத்து இருக்குதா?" என்று கேட்டேன். "எங்க எழுத்து இல்லை. அவங்க வேற மாதிரி எழுதுவாங்களோ என்னமோ. இதை வெச்சு நான் அர்த்தம் சொன்னா அது பொய்" என்று கையை விரித்துவிட்டார். காசும் வாங்கவில்லை.

ஆள், மாதம், தண்ணீர். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இந்த மூன்றையும் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தேன். எது வேண்டுமானாலும் ஆகிறது.

இனி ராணுவக் காரியாலயத்துக்கு எழுதலாம் என்று ஐயா சொல்கிறார். ஆங்கிலத்தில் மனுவை நான் தயாரிக்கிறேன். ஆளின் அடையாளம் முழுக்க வேண்டும். உடம்பு வாகு, தழும்பு, பழக்க வழக்கம், எதையும் விடாமல் எழுதுங்கள். எழுதுவது கஷ்டமாக இருக்கும். என் மனைவி காலராவில் போனபோது சுகாதார ஆபீசர் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொன்னவன், அதனால் தெரியும்.

அன்புடன்,
சவரிராஜ்


ஏலாக்குறிச்சி
2 மார்ச் 1947

அன்புள்ள சவரிராஜ் அவர்களுக்கு,

நாலு தாள் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பெயர் மரியசூசை. ஏலாக்குறிச்சி வடக்குத் தெரு. இப்போது இருந்தால் முப்பத்திரண்டு வயது. என்னைவிட ஒரு சாண் உயரம். நல்ல கறுப்பு. இடது புருவத்துக்கு மேலே கதிர் அரிவாள் பட்ட தழும்பு, ஒரு நெல் நீளம் இருக்கும். வெற்றிலை போடமாட்டார். காய்ச்சல் வந்தால் படுக்கமாட்டார். படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று பயம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே காய்ச்சலைக் கழிப்பார். செபமாலையை வலது கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவார். யாரும் பாடாதபோது பாடுவார், கோயிலில் பாடச் சொன்னால் வாயைத் திறக்க மாட்டார்.

எழுதிவிட்டுப் பார்த்தால் இவ்வளவுதானா என்றிருக்கிறது. ஒரு மனுஷரோடு குடும்பம் நடத்திவிட்டு அரைப் பக்கம்கூட நிரப்ப முடியவில்லை. இதை வேறு யாருக்கும் காட்ட வேண்டாம். மனுவுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு கிழித்துவிடுங்கள்.

இன்னாசிமேரி


பெரம்பலூர்
20 ஜூன் 1947

அன்புள்ள இன்னாசிமேரிக்கு,

டீச்சர் என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்த தாளை அனுப்பக் கூடாது என்று வேறு தாள் எடுத்தேன்.

ராணுவக் காரியாலயத்திலிருந்து அச்சடித்த பதில் வந்துவிட்டது. சிப்பாய்களைப் பற்றி மட்டுமே அவர்கள் விசாரிப்பார்களாம். தோட்டத்துக் கூலிகள் கணக்கில் இல்லை. சீட்டை மொழிபெயர்க்கவும் அங்கே ஏற்பாடு இல்லை.

ஐயா அதைப் படித்துவிட்டு, "ஏம்ப்பா சவரிராஜ், அந்தம்மா கேசுல கட்சிக்காரர் யாரு, அந்தம்மாவா நீயா?" என்று கேட்டார். அதற்குப் பதிலை உங்களிடம் சொல்கிறேன். அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உங்களுக்குத் தூக்கம் இல்லை என்றால், எனக்கும் இல்லை. மரியசூசை உயிரோடு இருக்கிறார் என்று அதில் எழுதியிருந்தால் நானே போய் அவரை ரயிலடியில் எதிர்கொண்டு அழைத்து வருவேன். இல்லை என்று எழுதியிருந்தால் உங்கள் வீட்டுக்கு என் பெரியப்பாவை அனுப்புவேன். இரண்டும் சத்தியம்.

இந்த வரதராஜன்பேட்டைக்காரனுக்கு வாய் நீளம் என்று நினைத்தால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். சீட்டைப் படிக்க ஆள் தேடுவதை நிறுத்த மாட்டேன்.

சவரிராஜ்


ஏலாக்குறிச்சி
6 ஜூலை 1947

அன்புள்ள சவரிராஜுக்கு,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். அண்ணி கண்ணுக்கு அங்கேதான் எட்டாது, ரேஷன் அரிசியைப் பார்க்கவே பிடிக்காது அவருக்கு.

எனக்கு இருபத்தேழு வயது. கோயிலில் கைம்பெண்கள் பக்கம் உட்கார்ந்தால் புருஷனுக்கு ஆகாது என்கிறார்கள். சுமங்கலிகள் பக்கம் உட்கார்ந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள். தூண் ஓரமாக உட்கார்ந்து பழகிவிட்டேன். கல்யாணப் பூசையில் உங்களைப் பக்கத்தில் வைத்து யோசித்துப் பார்த்தேன், இல்லை என்று சொல்ல வரவில்லை.

சாமியாரிடம் கேட்டேன், ஊரார் கதைபோல் பொதுவாக. புரிந்துகொண்டுவிட்டார். "அவன் செத்தான் என்று எழுத்துமூலம் அத்தாட்சி வேண்டும். அந்தச் சீட்டை முத்திரையோடு யாராவது மொழிபெயர்த்துக் கொடுத்தால் கும்பகோணத்துக்கு பிஷப்பாகிய மேற்றிராணியார் மனைக்கு அனுப்புகிறேன்" என்றார். "நம்பத் தகுந்தவனாகப் பார், அம்மா" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நமக்கு எது வேண்டும் என்பதைச் சீட்டிடம் கேட்க வேண்டாம். அதில் என்ன இருக்கிறதோ அது.

உங்கள்,
இன்னாசிமேரி


பெரம்பலூர்
12 செப்டம்பர் 1947

அன்புள்ள மேரிக்கு,

உட்கார்ந்து படிக்கவும். கிடைத்துவிட்டது.

பட்டணத்தில் ஜார்ஜ் டவுன் சந்து ஒன்றில் மாடியறை. 'பல பாஷைகளும் மொழிபெயர்க்கப்படும்' என்று போர்டு. ராசாங்கம் என்று பெயர். ரங்கூனில் ஜப்பான் கம்பெனி ஒன்றில் இருந்தவராம். பெரிய அகராதிகள், முத்திரைகள், தட்டெழுத்து யந்திரம் எல்லாம் உண்டு. எடுத்ததும் பேசவில்லை. முதலில் விவரம் முழுக்கக் கேட்டுக்கொண்டார். எங்கள் ஆபீசிலும் அதுதான் முறை, கட்சிக்காரரிடம் விவரம் வாங்காமல் பேனாவைத் தொட மாட்டோம். தொழில் தெரிந்த மனுஷர் என்று அப்போதே பட்டது. இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி, பெரிய தாளில் ஆங்கிலமும் தமிழுமாக முத்திரை போட்டுக் கொடுத்தார். அதிலுள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏலாக்குறிச்சி வடக்குத் தெரு மரியசூசை என்னும் கூலியாள், உயரமான கறுத்த சரீரமும் இடது புருவத்தின்மேல் அரிவாள் பட்ட தழும்பும் உடையவர், முகாமில் விஷக் காய்ச்சல் கண்டு, படுக்க மறுத்துச் சாய்ந்து அமர்ந்த நிலையிலேயே, வலது கையில் செபமாலையுடன் மரணமடைந்தார் என்று இதனால் அத்தாட்சி செய்யப்படுகிறது."

மேரி, நீங்கள் அழுதுகொண்டிருப்பீர்கள். அழுது முடியுங்கள். அவர் நல்ல மரணம் அடைந்திருக்கிறார். தாளைச் சாமியாரிடம் கொடுங்கள். அசலைப் பதிவுக்காக ராசாங்கம் வைத்துக்கொண்டிருக்கிறார், பிறகு தபாலில் அனுப்புவார்.

உங்கள்,
சவரிராஜ்


ஏலாக்குறிச்சி
4 நவம்பர் 1947

அன்புள்ள சவரிராஜுக்கு,

கும்பகோணத்திலிருந்து உத்தரவு வந்ததை முன்பே எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். "வரதராஜன்பேட்டை சவரிராஜுக்கும் காலஞ்சென்ற மரியசூசையின் விதவை இன்னாசிமேரிக்கும்" என்று நம் பெயரைப் படித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் நிறுத்தினார். யாரோ இருமினார்கள். எனக்கு உயிர் போய் வந்தது. வேறொன்றுமில்லை, மழைக்காலத்து இருமல்.

இரண்டாம் தேதி ஞாயிறாகிவிட்டதால் நேற்றுதான் கல்லறைத் திருநாள். இத்தனை வருஷமும் அன்றைக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தேன். இந்த வருஷம் போனேன். அவருக்கென்று குழி இல்லாததால் நடுச் சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். மழைத் தூறல் விழுந்தது. உங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு அது எரிந்து முடியும்வரை நின்றோம், அண்ணியும் நானும். அண்ணி உங்களைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னார். என்ன என்று சொல்ல மாட்டேன், தலைக்கனம் வந்துவிடும்.

மனசு லேசாக இருக்கிறது. அதைச் சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது. கல்யாணத்தை, கிறிஸ்துமஸுக்கு முந்திய, கல்யாணம் ஆகாத திருவருகைக் காலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்கிறார் சாமியார். அரிசி கிடைக்கும் லட்சணத்தில் ஊருக்குச் சோறு போட முடியாது, காப்பியும் வடையும்தான்.

அசல் சீட்டு இன்னும் வரவில்லையே. ஒரு கார்டு போட்டு நினைவுபடுத்துங்கள்.

உங்கள்,
மேரி


ஏலாக்குறிச்சி
10 நவம்பர் 1947

அன்புள்ள சவரிராஜுக்கு,

நேற்று இரண்டாம் ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணி முற்றத்தில் உட்கார்ந்து, "மேரி, தம்பி செத்த பேப்பரை ஒரு தரம் படிச்சுக் காட்டு. எல்லாரும் கேட்டாங்க, நான் இன்னும் முழுசா கேக்கல" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வந்த அன்று நான் படித்தபோது மூன்றாம் வரியிலேயே மயக்கம் போட்டு விழுந்தவர்.

படித்தேன். இடது புருவத்தின்மேல் தழும்பு என்ற இடத்தில் நிறுத்தினார்.

"எடப்பக்கமா?"

"ஆமா அண்ணி."

"வலப்பக்கம்டி. கம்மங்கொல்லையில நான்தான அருவாள வீசுனேன்? ரத்தத்தைப் பொத்திக்கிட்டு அவனைத் தூக்கிட்டு ஓடுனதும் நான்தான். வலப்பக்கம்."

இடப்பக்கம்தான் என்று நான் சாதித்தேன். கண்ணை மூடிப் பார்த்தேன். வீட்டுக்காரர் என் எதிரில் நிற்கிறார், தழும்பு எனக்கு இடக்கைப் பக்கம் தெரிகிறது. அப்புறம்தான் விளங்கியது. எதிரே நின்று பார்த்தவளுக்கு அது இடப்பக்கம். அவருக்கு அது வலது. மார்ச் மாதம் உங்களுக்கு எழுதியபோது என் பக்கத்திலிருந்து எழுதிவிட்டேன்.

சவரிராஜ், அது என் தப்பு. என் கடிதத்தில் நான் செய்த தப்பு. சயாம் காட்டில் செத்தவரின் முகத்தைப் பார்த்து எழுதிய ஜப்பான்காரனுக்கு அந்தத் தப்பு எப்படித் தெரியும்?

அவனும் எதிரே நின்று பார்த்து அதே தப்பைச் செய்திருப்பானோ என்று தாளை எடுத்து வைத்து மறுபடி படித்தேன். படுக்க மாட்டார், சாய்ந்து உட்காருவார், செபமாலை வலது கையில். எல்லாம் என் வாக்கியம். மூன்று விரல் சீட்டுக்குள் இவ்வளவு எப்படி அடங்கியது என்று நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற எனக்குத் தோன்றவில்லையே.

சீனாக்காரர் சீட்டில் படித்த மாதமும் தண்ணீரும் இந்தத் தாளில் எங்கேயும் இல்லை. அதை ஏன் மறந்தோம்?

ராசாங்கத்திடம் என்ன கொடுத்தீர்கள்? உடனே எழுதுங்கள். சீட்டை வாங்கி வாருங்கள். சீட்டு கையில் இருந்தால் என்றைக்காவது, யாராவது படிப்பார்கள்.

மேரி


பெரம்பலூர்
15 நவம்பர் 1947

அன்புள்ள மேரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பட்டணத்துக்கு ரயில் ஏறினேன். இன்று காலைதான் திரும்பினேன். இதை ஆள் மூலம் அனுப்புகிறேன், நாளை மூன்றாம் ஓலைக்கு முன்பு உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

அந்த மாடியறையில் இப்போது தையல்காரர் இருக்கிறார். போர்டு இருந்த இடத்தில் ஆணிகள்தான் இருக்கின்றன. ராசாங்கம் எங்கே போனார் என்று சந்தில் யாருக்கும் தெரியவில்லை. அவரைத் தெரிந்த ஒரே ஆள் மாடிக்குச் சொந்தக்காரர், அவரும் வாடகை பாக்கிக்காக ராசாங்கத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். விட்டுப்போன காகிதங்களை எல்லாம் மழைக்கு முன்னால் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டார்களாம். அவனையும் தேடினேன். சீட்டு போய்விட்டது, மேரி.

விவரம் கேட்டபோது உங்கள் மார்ச் கடிதத்தை அவர் மேஜைமேல் வைத்தேன். நீங்கள் கிழிக்கச் சொன்ன கடிதம். கிழிக்க மனம் வரவில்லை, சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நானாக வாயால் சொன்னால் ஏதாவது விட்டுப்போகும், உங்கள் எழுத்து பிசகாது என்று நினைத்தேன்.

தெரிந்துதான் ஏமாந்தீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் பட்டணத்திலிருந்து திரும்பும் ரயிலில் தாளைப் படித்தபோது, என் பையிலிருந்த கடிதத்தையே மறுபடி படிப்பதுபோல் இருந்தது. ஒரு நிமிஷம் இருந்தது. அரியலூர் வருவதற்குள் அந்த நினைப்பை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு அந்தத் தாள் வேண்டியிருந்தது.

ஆனாலும் இதை யோசியுங்கள். எழுத்து பொய்யானதால் சாவும் பொய் என்று ஆகிவிடாது. அந்தக் காட்டிலிருந்து வரவேண்டியவர்கள் எல்லாம் வந்தாயிற்று. முருகையனும் அறிவார், நீங்களும் அறிவீர்கள். மேற்றிராணியார் மனை ஒப்புக்கொண்டுவிட்டது. புருவத்தின் பக்கம் நம் மூவருக்கு மட்டும்தான் தெரியும். அண்ணியிடம் நான் வந்து காலில் விழுகிறேன். நாளை ஓலை வாசிக்கட்டும். தூண் ஓரத்திலேயே எத்தனை காலம் உட்காருவீர்கள்?

உங்கள்,
சவரிராஜ்


ஏலாக்குறிச்சி
1 டிசம்பர் 1947

சவரிராஜ் அவர்களுக்கு,

உங்கள் ஆள் அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே வந்தார். அவர் வருவதற்கு முன்பே நான் சாமியாரிடம் போய்வந்துவிட்டேன். எனவே உங்கள் கடிதம் பிந்தி வந்தது என்று நீங்கள் வருந்த வேண்டாம். முந்தி வந்திருந்தாலும் போயிருப்பேன்.

தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று இரண்டு ஞாயிறு கேட்டார். தெரிந்தவள் நான்தான். சாமியார் திட்டவில்லை. தாளை வாங்கி மடித்துக் கும்பகோணத்துக்குத் திருப்பி அனுப்பினார். "வேறு அத்தாட்சி கிடைத்தால் கொண்டு வா" என்றார். எங்கிருந்து கொண்டு வருவது? மூன்றாம் ஞாயிறு நம் பெயரைப் படிக்காமல் அடுத்த ஜோடிக்குப் போனார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தூண் பக்கத்தில் என் இடம் அப்படியே இருந்தது.

நீங்கள் எழுதியது சரிதான். அவர் செத்திருப்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தோன்றுவதை வைத்துக்கொண்டு ஒருவரைக் கல்லறைக்கு அனுப்ப முடியவில்லை. நடுச் சிலுவையில் ஏற்றிய மெழுகுவர்த்தியைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எரிந்து முடிந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு வர முடியாதே.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது. கடிதத்தை அவன் மேஜையில் வைத்ததற்காக இல்லை. ரயிலில் அந்த ஒரு நிமிஷத்தை மடித்து வைத்தீர்களே, அதற்காக. நானும் இங்கே அதைத்தான் செய்தேன் என்று தெரியும். அதனால்தான் கோபம் ஆறுவது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஆறிய பிறகு என்ன மிஞ்சும் என்றும் தெரியும். ஆகவே இனி எழுதாதீர்கள். நீங்கள் எழுதினால் நான் படிப்பேன்.

குடையை அரியலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு கம்பி வளைந்திருந்தது, நிமிர்த்தியிருக்கிறேன். அரிசிப் பானையிலிருந்த கடிதத்தைத் திருப்பி அனுப்பவில்லை, மன்னிக்க வேண்டும்.

அசல் போய்விட்டது. என்னிடம் மிச்சம் இருப்பது கோழி நடந்த நகல்தான். நேற்று அதை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஆள், மாதம், தண்ணீர் எது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பிறகு கண்ணை மூடி, அண்ணி சொன்னபடி தழும்பை வலப்பக்கம் வைத்து அவர் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. இடப்பக்கம் வைத்தேன். அதுவும் வரவில்லை.

இப்படிக்கு,
மரியசூசை மனைவி
இன்னாசிமேரி